பௌர்ணமி அன்று வந்த வேன்

அத்தியாயம் ஏழு

தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை அருள்ராஜ் குப்பையில் போடுவதில்லை. பஜ்ஜி வைத்துச் சாப்பிடுவதற்காக மேசை இழுப்பறையில் சேர்த்து வைப்பான். அந்தப் பழக்கம்தான் அன்று காலை அவனுடைய முதலாளி மதிவதனியின் மானத்தை வாங்கியது.

"மேடம், போன வாரம் மேடை ஏறி ஒரு தேதி சொன்னீங்களே, ராமதாஸ் வேன்ல வந்து இறங்கின சனிக்கிழமை, அது இதானே?" என்றான், எண்ணெய் ஊறிய தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி.

"ஆமா. அதுக்கென்ன?"

"இதுல ஒரு வட்டம் இருக்கு. பஜ்ஜி வெச்ச தடம்னு துடைச்சுப் பார்த்தேன். போகல."

மதிவதனி தாளை வாங்கிப் பார்த்தாள். தேதிக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு முழு நிலா அச்சாகியிருந்தது. அன்று பௌர்ணமி.

அவளுக்குக் காது மடல் இரண்டும் சூடாயின. திருவண்ணாமலையில் பிறந்தவள் அவள். பௌர்ணமி என்றால் மலையைச் சுற்றிலும் சனம்தான். கிரிவலப் பாதையில் ஆம்புலன்ஸே ஊர்ந்துதான் போகும். மற்ற வண்டிகளைப் போலீஸ் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடும். அந்தப் பாதையில், அடி அண்ணாமலையில் இருக்கிற ஒரு கடை வாசலில், பட்டப்பகலில் ஒரு கம்பெனி வேன் வந்து நின்றது என்று நூறு பேருக்கு முன்னால் சத்தியம் செய்யாத குறையாகப் பேசியிருக்கிறாள்.

"வேன் பறந்து வந்திருக்குமோ?" என்றான் அருள்ராஜ்.

அவள் சிரிக்கவில்லை. அவன் பைக் சாவியை எடுத்தான்.

செங்கம் ரோட்டில், ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருந்தது மதிவதனியின் துப்பறியும் அலுவலகம். அங்கே வரும் கேஸ்கள் இரண்டு வகை என்பான் அருள்ராஜ். மாப்பிள்ளை குடிப்பாரா என்பது ஒன்று, எவ்வளவு குடிப்பார் என்பது இன்னொன்று. அதனால்தான் உண்ணாமலையின் கேஸ் வந்தபோது மதிவதனிக்குத் தலைகால் புரியவில்லை.

உண்ணாமலை ஐம்பதைத் தொடும் பெண். ஃபைபர் கடை வைத்திருந்தாள். தண்ணீர்த் தொட்டிக்கும் கார் பம்பருக்கும் பூசுகிற ரெசின், கண்ணாடி நார்த் துணி, தெர்மாகோல் மாதிரியான ஃபோம் கட்டிகள், இவைதான் சரக்கு. ரமணா நகரில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் கடல் அலையில் சறுக்கி ஆடும் சர்ஃப் போர்டு செய்வதற்கு இவளிடம் சாமான் வாங்கப் போய், அவர் சொல்லி நாலு பேர், நாலு பேர் சொல்லி நாற்பது பேர் என்று கோவளம், புதுச்சேரிக் கடற்கரைப் பட்டறைகளெல்லாம் அவளுக்கு வாடிக்கை ஆகிவிட்டன. "கடல்ல ஆடற பலகைக்கு மலையடிவாரத்துல மருந்து" என்று அதற்கும் அருள்ராஜ் ஒன்று சொல்லி வைத்திருந்தான்.

காரணம் இருந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய சப்ளை கம்பெனி ரெசினை டிரம் கணக்கில்தான் கொடுக்கும். வீட்டுக் கொல்லையில் மாதத்துக்கு ஒரு பலகை செய்கிறவனுக்கு டிரம் எதற்கு? உண்ணாமலை அரை லிட்டர்கூடப் பாட்டிலில் ஊற்றி, பஸ்ஸில் போட்டு அனுப்புவாள். மழைக்காலமா, வெயிலா, எவ்வளவு ஹார்ட்னர் ஊற்றணும் என்று போனிலேயே சொல்லுவாள். ஹார்ட்னர் என்பது ரெசினை இறுகச் செய்கிற திரவம். அது சரியில்லை என்றால் பலகை மேலே கல் மாதிரி இருக்கும், உள்ளே களி மாதிரி கிடக்கும்.

அப்படித்தான் ஆனது. புதுச்சேரியில் ஒரு பலகை நடுக்கடலில் பிளந்து, கற்றுக்கொள்ள வந்த ஒரு பெண்ணின் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அடுத்தடுத்து இன்னும் சில பலகைகள் தோலுரிந்தன. 'திருவண்ணாமலைச் சரக்கு போலி' என்று பட்டறைக்காரர்களின் வாட்ஸப் குழுவில் வீடியோ ஓடியது. எல்லாமே உண்ணாமலை அந்தச் சனிக்கிழமை நிரப்பிய பாட்டில்கள். திறந்தால் நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோன் வாடை. பிரஷ் கழுவ வைத்திருக்கும் அசிட்டோனை யாரோ ஹார்ட்னரில் கலந்திருந்தார்கள்.

பெரிய கம்பெனியின் இந்தப் பக்கத்து விற்பனையாளர் ராமதாஸ், அடிக்கடி உண்ணாமலை கடைக்கு வந்து போகிறவர். போட்டிக் கடையை ஒழித்தால் அவருக்குத்தான் லாபம். இதற்கு மேல் மதிவதனிக்கு என்ன வேண்டும்? கம்பெனி ஒரு லாட்ஜ் ஹாலில் நடத்திய வியாபாரிகள் கூட்டத்துக்குள் நுழைந்தாள். மைக்கை வாங்கினாள். "அன்னைக்கு நான் அங்க வரவே இல்லீங்க" என்று ராமதாஸ் சொன்னதைக் கைதட்டல் விழுங்கிவிட்டது. யாரோ செல்போனில் பிடித்தார்கள். 'பெரிய கம்பெனியை அலறவிட்ட பெண் சிங்கம்' என்று தலைப்புப் போட்டார்கள். கம்பெனி, விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று ராமதாஸை வீட்டுக்கு அனுப்பியது.

அந்த வீடியோவை மதிவதனி எத்தனை தடவை பார்த்தாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். இப்போது பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்தபோது அந்த எண்ணிக்கையே அவளைப் பிடுங்கித் தின்றது.

"ஒருவேளை கூட்டத்தோட கூட்டமா ராமதாஸ் நடந்து வந்திருந்தா?" என்றான் அருள்ராஜ், அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று.

"வேன் வாசல்ல நின்னுதுன்னுதானே உண்ணாமலை அக்கா சொன்னாங்க. வேன் பொய்னா, பார்த்தேன்னு சொன்னதும் பொய்."

"நம்ம கட்சிக்காரரே பொய் சொல்றாங்கன்னா, நாம யாரைப் பிடிக்கிறது?"



கடை வாசலில் இறங்கியதுமே அருள்ராஜ் மூக்கைப் பொத்திக்கொண்டான். "ஐயோ, என்னா இது? எருமையையே அடுப்புல ஏத்திட்டாங்களா?"

உள்ளே, தடுப்புக்குப் பின்னால் சின்ன காஸ் அடுப்பில் பால் பொங்கி, வற்றி, அடிப்பிடித்துக் கருகிக்கொண்டிருந்தது. உண்ணாமலை அதற்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து கண்ணாடித் துணியைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா மதி. நல்ல நேரத்துல வந்தீங்க. பால் வெச்சிருக்கேன், டீ குடிக்கலாம்."

எழுந்து போய்ப் பாத்திரத்தை எட்டிப் பார்த்துத் துணுக்குற்றாள். "அடடா, பேச்சு மும்முரத்துல கவனிக்கல பாரு" என்றாள். அவள் யாரோடும் பேசிக்கொண்டிருக்கவில்லை. மிச்சமிருந்த பாலில் டீயைப் போட்டு மூன்று டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். அருள்ராஜ் ஒரு வாய் குடித்துவிட்டு, கண்ணில் நீர் முட்ட, "சூப்பர்க்கா, ஹோமம் பண்ண இடத்துல குடிச்ச மாதிரி இருக்கு" என்றான். உண்ணாமலை தன் டீயை நிதானமாகக் குடித்து முடித்தாள்.

மதிவதனி டம்ளரைக் கீழே வைத்தாள். மனசுக்குள் ஏதோ ஒன்று நகர்ந்து இன்னொன்றோடு போய் ஒட்டியது. முதல் நாள் வந்தபோது கெட்டுப்போன பாட்டிலைத் திறந்து, "நீயே மோந்து பாரு தம்பி, அசிட்டோன் தெரியுதா?" என்று அருள்ராஜிடம்தானே நீட்டினாள்? இத்தனை வருஷம் இந்தத் தொழில் செய்கிறவள் ஏன் தான் மோந்து சொல்லவில்லை?

சுவரோரம் இரண்டு வெள்ளைக் கேன்கள் நின்றன. இரண்டிலும் ஸ்டிக்கர் இல்லை.

"இதுல எது ஹார்ட்னர், எது அசிட்டோன்னு எப்படிக்கா கண்டுபிடிப்பீங்க?"

"அசிட்டோன் பட்டா ஸ்டிக்கர் கரைஞ்சு போயிடுது மதி, ஒட்டி மாளாது. மூக்குதான். உண்ணாமலை மோந்து குடுத்தா தப்பாதுன்னு பாண்டிச்சேரி வரைக்கும் பேரு." சொல்லும்போது அவள் கேன்களைத்தான் பார்த்தாள், மதிவதனியைப் பார்க்கவில்லை.

"ஒரு நிமிஷம்க்கா. சாட்சிப் பாட்டில் ஒண்ணு பைக்ல இருக்கு, எடுத்துட்டு வர்றேன்."

வெளியே போனவள் ஒரு வெள்ளைப் பாட்டிலோடு திரும்பினாள். மூடியைத் திறந்து நீட்டினாள்.

"இது ராமதாஸ் கலந்ததா, இல்ல சுத்தமான ஹார்ட்னரா? நீங்க சொன்னா போதும். போலீஸ்ல எழுதிக் குடுத்துடறேன்."

உண்ணாமலை பாட்டிலை வாங்கினாள். மூக்கருகே கொண்டுபோனாள். மூச்சை இழுத்தாள். கண்ணை மூடி இன்னொரு தரம் இழுத்தாள்.

"கலந்ததுதான் மதி," என்றாள். "அசிட்டோன் வாடை ஜாஸ்தியா அடிக்குது."

அருள்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான். மதிவதனிக்கும் நிமிர முடியவில்லை.

"அது தண்ணிக்கா," என்றாள். "அருள்ராஜ் குடிக்கிற தண்ணி."

கிரிவலப் பாதையில் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. உண்ணாமலை பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"தீபாவளிக்கு முன்னாடி ஒரு காய்ச்சல் வந்துச்சு," என்றாள். "போகும்போது மூக்கையும் கூட்டிட்டுப் போயிடுச்சு. தானா வரும்னு டாக்டர் சொன்னாரு. வரல. தலையில மல்லிப்பூ வெச்சா கனம் தெரியுது மதி, வாசனை தெரியல."

"ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?"

"என்னான்னு சொல்றது? அந்தக் கம்பெனிக்கு லேப் இருக்கு, மெஷின் இருக்கு. எனக்கு இருந்தது மூக்கு ஒண்ணுதான். அது போச்சுன்னு தெரிஞ்சா எவன் என்கிட்ட வாங்குவான்? பௌர்ணமின்னா கடைக்கு ஆள் வரமுடியாது. அன்னைக்குத்தான் பாட்டில் நிரப்புவேன். ஹார்ட்னர் கம்மியா இருந்துச்சு, இன்னொரு கேனை எடுத்து ஊத்தினேன். ஏதோ ஒரு குருட்டு தைரியம்."

"அப்புறம் ஏன் என்கிட்ட வந்தீங்க?"

"வேற எவனாவது பண்ணியிருக்கணும், சாமின்னு வேண்டிக்கிட்டுத்தான் வந்தேன். பொய் சொல்லணும்னு வரல." உண்ணாமலை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "ராமதாஸ் வந்தாரான்னு நீ கேட்ட. பேரை நீதான் சொன்ன. மத்தியானமான்னு கேட்ட. வேன் வாசல்ல நின்னுதான்னு கேட்ட. எல்லாத்தையும் நீதான் சொன்ன மதி. நான் தலையை மட்டும்தான் ஆட்டினேன்."

அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது மதிவதனிக்கு. அந்த முதல் நாள் பேச்சு அப்படியே நினைவுக்கு வந்தது. உண்ணாமலை அன்று தானாகச் சொன்ன வாக்கியம் ஒன்றுகூட இல்லை. பெரிய கம்பெனி, சின்னக் கடை, சதி. கதை முதலிலேயே மதிவதனியின் கையில் தயாராக இருந்தது. அதற்கு ஒரு வில்லன்தான் தேவைப்பட்டான்.

"கடையைப் பூட்டுங்கக்கா," என்றாள். "கீழ்பென்னாத்தூர் போறோம்."

போகும் முன் உண்ணாமலை ஒரு காரியம் செய்தாள். பாட்டில் வாங்கிய ஒவ்வொரு பட்டறைக்கும் போன் போட்டு, "அதைத் தொடாதீங்க, தப்பு என் பேர்ல" என்றாள். சிலர் பாதியிலேயே துண்டித்தார்கள். தோள் முறிந்த பெண்ணுக்குப் பலகை செய்து கொடுத்தவர் மட்டும் கடைசிவரை கேட்டு, "அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே பேசணும்க்கா" என்றார். பேசுகிறேன் என்றாள்.

கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவுக்குப் பின்னால் ராமதாஸின் வீடு. கதவைத் திறந்தவர் அவர்தான். சவரம் செய்யாத முகம். மதிவதனியைப் பார்த்ததும் ஒரு கையைக் கதவு நிலையில் வைத்துக்கொண்டார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

அவள் நடந்ததைச் சொன்னாள். வேன் வரவில்லை, வந்திருக்கவும் முடியாது, அதைச் சரிபார்க்காமல் பேசிவிட்டேன், மன்னிச்சிடுங்க என்றாள்.

"இத எதுக்கு மேடம் இங்க வந்து காதுக்குள்ள சொல்றீங்க?" என்றார் ராமதாஸ். குரல் உயரவே இல்லை. "திருடன்னு சொல்லும்போது மைக்ல சொன்னீங்களே."

அதில் நியாயம் இருந்தது. மதிவதனி அவரையும் அழைத்துக்கொண்டு, பஸ் நிற்கும் இடத்தில், டீக்கடைக்கு முன்னால் போய் நின்றாள். அருள்ராஜ் செல்போனை எடுத்தான். செஞ்சி பஸ்ஸுக்கு நின்றவர்கள், கடலை மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள், எல்லோரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். மேடையில் மைக் இருந்தது; இங்கே அவள் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"என் பேரு மதிவதனி. இவர் மேல நான் சொன்னது பொய்க் குற்றச்சாட்டு. இவர் எதையும் கலக்கல. விசாரிக்காம சொன்னது நான். கைதட்டலுக்கு ஆசைப்பட்டுச் சொன்னேன்."

கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார். "அப்ப கலந்தது யாரும்மா?"

மதிவதனி உண்ணாமலையின் பெயரைச் சொல்லக்கூடாது என்று வழியிலேயே முடிவு செய்திருந்தாள். இன்னொரு ஆளை இன்னொரு கூட்டத்துக்கு முன்னால் நிறுத்த அவளுக்குத் தெம்பு இல்லை.

உண்ணாமலைதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "நான்தாங்க. என் கடை, என் கை. வாசனை தெரியாம ஊத்திட்டேன். இவர் வந்தாருன்னு தலையாட்டினதும் நான்தான்." அதற்குமேல் பேச முடியாமல் ராமதாஸைப் பார்த்துக் கையைக் கூப்பினாள்.

வீடியோ கம்பெனிக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. அவர்கள் திரும்ப ராமதாஸின் வீட்டுத் தெருவுக்கு நடந்து வரும்போதே அவருக்குப் போன் வந்தது. மேனேஜர். சந்தோஷத்தில் கத்தியதால் ஸ்பீக்கர் போடாமலே எல்லோருக்கும் கேட்டது.

"ராமதாஸ், நாளைக்கே வேலைக்கு வாங்க! அந்தம்மா பேசறதை மட்டும் வெட்டி எடுத்து எல்லா குரூப்லயும் போடறோம். சின்னக் கடையில வாங்கினா இதான் கதின்னு. அந்த வாடிக்கை பூரா இனி நமக்குத்தான்!"

உண்ணாமலை நடப்பதை நிறுத்திவிட்டாள்.

ராமதாஸ் அவளைப் பார்த்தார். பார்வையில் கனிவு ஒன்றும் இல்லை. போனை மறு காதுக்கு மாற்றினார். "சார், நாளைக்கு வர்றேன். ஆனா அந்த வீடியோவ வெட்டினா வரமாட்டேன். ஒரு வீடியோவுல நான் பட்டது போதும். இன்னொண்ணு, அரை லிட்டர் கேட்கறவனுக்கு நாம குடுக்கறதில்ல. வாடிக்கை எப்படி சார் நமக்கு வரும்?" பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டார். பிறகு உண்ணாமலையிடம், "இனி கேன்லேருந்து நீங்க ஊத்தாதீங்க. ஹார்ட்னர் சீல் போட்ட சின்ன பேக்கிங்ல வருதான்னு நான் கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் பாட்டில் நிரப்பற வேலை வேணாம்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

வாசலில் அவர் மனைவி நந்தினி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. மதிவதனியிடம் நேராகப் பேசினாள்.

"எங்க பொண்ணு கவியா அன்னைக்கிலேருந்து ஸ்கூல் போகல. கலப்படக்காரன் மகள்னு கூப்பிடறாங்களாம். அவங்கள்ல யாரு உங்க இந்த வீடியோவப் பார்க்கப் போறாங்க?"

"நாளைக்குக் காலையில நானே வர்றேங்க," என்றாள் மதிவதனி. "அவளை அனுப்புங்க."

மறுநாள் காலை, பள்ளிக்கூட மைதானத்தில் பிரேயர் முடிந்ததும் தலைமையாசிரியை அவளுக்கு இரண்டு நிமிஷம் கொடுத்தார். அருள்ராஜ் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். வரிசை வரிசையாகப் பிள்ளைகள். எட்டாம் வகுப்பு வரிசையில் ஒரு பெண் மட்டும் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் கவியா என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மதிவதனி சுருக்கமாகச் சொன்னாள். கவியாவின் அப்பா எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாள். துப்பறிகிறவர் வந்திருக்கிறார் என்ற ஆவலில் அவள் கண் பளபளத்தது. "மிஸ், அப்ப உண்மையான குற்றவாளியக் கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"கண்டுபிடிச்சிட்டேன்."

"யாரு மிஸ்?"

எட்டாம் வகுப்பு வரிசையில் ஒரு தலை நிமிர்ந்தது.

"நான்தான்," என்றாள் மதிவதனி.